கத்தாருக்குப் போன குரல்

கத்தாரில் இருக்கிற மனுசனிடம் கெட்ட சேதி சொல்லக் கூடாது. அருணாவுக்கு இதை யாரும் உட்கார்த்தி வைத்துச் சொல்லித் தரவில்லை. அறந்தாங்கிப் பக்கம், வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீடுகளில் தானாகவே படிந்துவிடுகிற பழக்கம் அது. காய்ச்சலில் எழ முடியாமல் கிடந்தால், "லேசா சளி." மாடு செத்துப்போனால், வேறு மாடு வந்து தொழுவத்தில் நின்ற பிறகுதான் முதல் மாட்டின் சேதி அங்கே போகும். வீடியோவில் வீட்டைக் காட்டும்போது ஈரம் ஏறி உப்புப் பூத்த சுவரை விட்டுவிட்டு மற்ற சுவர்களைக் காட்டத் தெரிந்திருக்க வேண்டும்.

அருணாவுக்குத் தெரியும். அவள் கணவன் உதயசூரியன் தோஹாவில் பெரிய கட்டடங்களுக்கு ஏ.சி. குழாய் மாட்டுகிற வேலையில் இருந்தான். மகள் சிவரஞ்சனி தவழ்ந்துகொண்டிருந்தபோது போனவன். லீவில் வந்தால் ஒரு கோயில் திருவிழா, நாலு கல்யாணம், பல்வலிக்கு வைத்தியம் என்று நாள் ஓடிவிடும். மகள் அப்பாவோடு ஒட்டத் தொடங்குகிற நேரத்துக்கு அவன் பெட்டி கட்டிக்கொண்டிருப்பான்.

அருணா வீட்டிலேயே ஜாக்கெட் தைத்தாள். தையலில் அவள் நறுக்குத் தெறித்த மாதிரி. துணி பத்தாது என்றால் பத்தாது என்று முகத்துக்கு நேரே சொல்வாள். "இந்தக் கழுத்து ஒங்களுக்கு எடுக்காதுக்கா, அப்பறம் எம்மேல சொல்லக் கூடாது" என்பாள். அந்த ஊரில் அவளைப் பொய்க்காரி என்று சொல்ல ஆள் கிடையாது. கத்தாருக்குச் சொல்வதை யாரும் பொய் என்று சேர்ப்பதில்லை; அவளும் சேர்த்ததில்லை.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது வரைதான். ஆறாவதுக்கு சிவரஞ்சனியை அறந்தாங்கியில் பெண்கள் பள்ளியில் சேர்த்தார்கள். டவுன் பஸ், புதுச் சீருடை, பாடத்துக்கு ஒரு டீச்சர் என்று எல்லாமே அவளுக்குப் புதிது. அதிலும் பாட்டுக்கென்று ஒரு பீரியடு இருந்ததை அவளால் நம்பவே முடியவில்லை. பாட்டு டீச்சர் ஞானமணி பகுதிநேரமாக வேலை பார்ப்பவர். வாரத்தில் சில நாள் காலையில் மட்டும் வருவார். முதல் நாளே பேரைக் கேட்டுவிட்டு, "சிவரஞ்சனியா? அட! யாரு வச்சது இந்தப் பேர?" என்றிருக்கிறார்.

"எங்கப்பா டீச்சர். அவரு வேலைக்குப் போன பஸ்ஸோட பேரு."

"பஸ்ஸா? அது ஒரு ராகம்மா."

வகுப்பே சிரித்ததாம். சாயங்காலம் வந்து இதைச் சொல்லும்போது ரஞ்சனியும் சிரித்தாள். "ஏம்மா, நான் ராகமாம்மா! பஸ் இல்லையாம்!"

அன்றிலிருந்து வீட்டில் ச ரி க ம ஓயவில்லை. குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது, பல் விளக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது. ரஞ்சனிக்குக் கரகரத்த குரல். மேலே போக வேண்டிய இடத்தில் அது பாதி ஏறி நின்றுவிடும். பிறகு எங்கேயாவது இறங்கும். அவளுக்கு அதில் வருத்தம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. அருணாவுக்குத்தான் காது வலித்தது. "ஏண்டி, மிஷின் சத்தமே மண்டையப் பொளக்குது. நீ வேற ஏன் இங்கிட்டே நின்னு கத்துற? அங்கிட்டுப் போயிப் பாடு" என்று விரட்டுவாள். ரஞ்சனி பின்பக்கம் போய், ஆட்டுக்குப் பாடுவாள்.

ஒரு நாள் ஞானமணி டீச்சர் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு பாட்டைப் பதிவு செய்து போட்டார். தமிழ்ப் புத்தகத்தில் இருக்கிற மழைப் பாட்டுக்கு டீச்சரே மெட்டுப் போட்டது. பாடியவள் ஷிஃபா. அருணாவுக்குப் பழக்கமான அறந்தாங்கி ராபியாவின் மகள், ரஞ்சனியின் பக்கத்து இடத்துக்காரி. தெளிந்த குரல், எங்கேயும் தட்டாமல் போய், கடைசி வரியில் மெல்ல இறங்கியது. ரஞ்சனி அதை அம்மாவின் போனில் திரும்பத் திரும்பப் போட்டாள்.

"ஷிஃபா எப்புடிப் பாடுறா பாத்தியா? நடுவுல டப்பு டப்புன்னு ஒரு சத்தம் கேக்குதுல்ல, அது நான். தொடையில தாளம் போட்டேன். டீச்சர் என்னயத்தான் போடச் சொன்னாங்க."

"தொட வீங்கிருக்கப் போவுது, போயி மூஞ்சியக் கழுவு" என்றாள் அருணா.

அப்போது உதயசூரியன் சரியில்லாமல் இருந்தான். அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்த ஒருவர் தூக்கத்திலேயே இறந்துபோயிருந்தார். ராமநாதபுரத்துக்காரர். அவர் சாமான்களைப் பெட்டியில் கட்டி, ஆட்களோடு சேர்ந்து உடலை ஊருக்கு அனுப்பிவைத்தது உதயசூரியன்தான். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை வீடியோவில் வந்தாலும் "ம்", "சரி", "வச்சுரவா" என்பதைத் தவிர வாயில் வார்த்தை வரவில்லை. கட்டிலில் சாய்ந்தபடி மேலே பார்த்துக்கொண்டிருப்பான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அருணா அந்த மழைப் பாட்டை அவனுக்கு அனுப்பினாள். புள்ளைகள் பாடுவதைக் கேட்டால் கொஞ்சம் லேசாக இருப்பான் என்றுதான் அனுப்பினாள். அது யார் பாடியது என்று எழுதுவதற்குள் வாசலில் ஜாக்கெட் அளவு பார்க்க ஆள் வந்துவிட்டது. வந்தவள் போட்டுப் பார்த்து, கைப்பக்கம் பிடிக்கிறது என்று சொல்ல, அருணா அதைப் பிரித்துக் கொடுத்துவிட்டு வந்து போனை எடுத்தபோது அவனிடமிருந்து குரல் பதிவு வந்து கிடந்தது.

"அருணா... எம்புள்ளயா இது? இம்புட்டு நல்லாப் பாடுமா எம்புள்ள? நீ சொல்லவே இல்லயே. ஏ, இங்க எல்லாரும் உக்காந்து கேக்குறோம்டி. பக்கத்து ஊரு நல்லதம்பி அழுதுட்டான்." பிறகு அவன் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது.

அருணா உடனே விரலை அழுத்திப் பிடித்துச் சொன்னாள்: "இல்லீங்க, அது நம்ம ரஞ்சனி இல்ல..." அதோடு நிறுத்தி, விரலை இழுத்து அதை அழித்துவிட்டாள். மாதக்கணக்கில் அவன் இத்தனை வார்த்தை பேசியதில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம். இன்று ஒரு நாள் இப்படியே இருக்கட்டும்.

மறுநாள் அவன் வேலைக்குப் போகும் பஸ்ஸில் இருந்தே கூப்பிட்டான். சாப்பிட்டாயா என்று கேட்டான். ஆட்டைக் காட்டச் சொன்னான். அவள் சொல்லவில்லை.

முதல் தடவை நடந்தது தவறிப்போய் நடந்தது என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள முடியும். இரண்டாவது தடவை அப்படி இல்லை. "வேற பாட்டு இருந்தா அனுப்பு" என்று அவன் கேட்டபோது, அவள் குழுவுக்குள் போய்த் தேடி, ஷிஃபா தனியாகப் பாடியதாகப் பார்த்து, பின்னால் யாரும் "ஷிஃபா" என்று கூப்பிடுகிற சத்தம் இல்லாததாகப் பார்த்து எடுத்து அனுப்பினாள். ஜாக்கெட்டுக்கு ஒட்டுப் போட்டது வெளியே தெரியாமல் தைப்பது போல அவ்வளவு கவனமாகச் செய்தாள்.

வெள்ளிக்கிழமை வீடியோவில் அவன் மகளிடம் அதைப் பற்றிப் பேசிவிடுவானோ என்ற பயம் வந்தது. அதற்கும் ஒன்று சொல்லிவைத்தாள்.

"என்னங்க, புள்ள முன்னாடி பாட்டப் பத்தி எதுவும் பேசிராதீங்க. புகழ்ந்தா கண்ணு பட்டுரும். பெத்தவுக கண்ணுதான் மொதல்ல படும்."

"அட ஆமா" என்றான் அவன். அவனுடைய ஆத்தா சாப்பாட்டுக்கு உட்கார்ந்த பிள்ளையைக்கூடப் பார்க்க விடாதவள். அவனுக்கு இதெல்லாம் சொல்லவே வேண்டாம். அதற்குப் பிறகு வீடியோவில் அவன் மகளையே ஒரு மாதிரியாகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பான். "என்னப்பா, ஏன் சிரிக்கிற?" என்பாள் ரஞ்சனி. "சும்மாத்தான் தாயி" என்பான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அருணா தலையைக் குனிந்து ஜாக்கெட்டுக்கு ஊக்கு தைத்துக்கொண்டிருப்பாள்.

நாள் போகப் போக அவளுக்கு ஒன்று புரிந்தது. அவன் பார்த்துச் சிரித்த பிள்ளை ரஞ்சனி இல்லை. ரஞ்சனியின் முகத்தில் அவன் வேறொரு குரலை வைத்திருந்தான். அதை அங்கே கொண்டுபோய் வைத்தது அவள்தான். பின்பக்கம் ஆட்டிடம் பாடிக்கொண்டிருப்பவளை அவன் இதுவரை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

காலாண்டுப் பரீட்சை முடிந்த லீவில் நல்லதம்பி வந்தார். உதயசூரியனோடு வேலை செய்பவர், பக்கத்து ஊர்க்காரர். கத்தாரிலிருந்து யார் ஊருக்கு வந்தாலும் மற்றவர்கள் வீட்டுச் சாமானைத் தூக்கி வருவது அங்கே வழக்கம். அவர் பைக்கில் முன்னால் ஒரு நீளப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்.

"வாங்கண்ணே. ஒக்காருங்க, காப்பி போடுறேன்" என்றாள் அருணா.

"காப்பி கெடக்கட்டும் தங்கச்சி. எங்க நம்ம பாட்டுக்காரம்மா? ஏ மருமகளே, இங்கிட்டு வா. இந்தப் பெட்டிக்காக நான் என் வீட்டுக்கு வாங்குன மிக்ஸியவே விட்டுட்டு வந்துட்டேன். எம் பொண்டாட்டி இன்னும் எங்கூடப் பேசல."

உள்ளே கீபோர்டு இருந்தது. ரஞ்சனி கட்டைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "எனக்காம்மா? நெசமாவா? நான் பாட்டுப் படிக்கிறேன்னு அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியுமாவா?" நல்லதம்பி சிரித்தார். "ரூம்ல அலாரமே ஒம் பாட்டுத்தான். ஒன்னய நேருல பாடச் சொல்லி ஒரு வீடியோ எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கான் ஒங்கப்பன். மழைப் பாட்டுத்தானே அது? இரு, போடுறேன்."

"அண்ணே, அது அப்பறம்..." என்று அருணா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். அதற்குள் அவர் போனில் போட்டுவிட்டார்.

ஷிஃபாவின் குரல் கூடத்தில் நிறைந்தது.

ரஞ்சனி முதலில் சிரித்தாள், தெரிந்த பாட்டைக் கேட்டவுடன் வருகிற சிரிப்பு. பிறகு நல்லதம்பியின் முகத்தைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தார். பிறகு அம்மாவைப் பார்த்தாள். அருணா கையில் வடிகட்டியோடு நின்றிருந்தாள். மகள் சொல்லப்போகிறாள், சொல்லிவிடட்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றியது. அப்படி நடந்தால் ஒருவகையில் நிம்மதி.

"எங்க, பாடு பாப்போம்" என்று நல்லதம்பி போனைத் தூக்கிப் பிடித்தார்.

"தொண்ட கட்டியிருக்கு மாமா" என்றாள் ரஞ்சனி. அவளுக்கு இயல்பிலேயே இருந்த கரகரப்பு அதற்குத் தோதாக இருந்தது. "பெறகு பாடி அனுப்புறேன்."

"அடடா. மிளகுப் பால் குடு தங்கச்சி" என்றார் அவர்.

அவர் போன பிறகு அருணா மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "அது வந்து... அப்பாவே நீதான்னு நெனச்சுக்கிட்டாரு. நான் சொல்லலான்னுதான்..."

ரஞ்சனி பெட்டியை மூடி, கிழிந்த தாளை எல்லாம் பொறுக்கி உள்ளே வைத்தாள். திட்டியிருந்தால், அழுதிருந்தால் அருணாவுக்கு ஏதாவது செய்யத் தெரிந்திருக்கும். "ஏம்மா, நான் பாடுனத அனுப்புனா அப்பாவுக்குப் புடிக்காதா?" என்று மட்டும் கேட்டாள். சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அருணா பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாமல் இருந்ததே பதிலாகப் போய்விட்டது என்பது அவளுக்கு மறுநாள்தான் உறைத்தது. குழாயடியில் பாட்டுச் சத்தமே இல்லை. குடம் நிறைகிற சத்தம் மட்டும்தான்.

பள்ளிக்கூடம் திறந்ததும் ரஞ்சனி கீபோர்டு பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

"எதுக்குடி?"

"டீச்சர் கொண்டாரச் சொன்னாங்க."

அருணாவுக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. தானே பஸ் நிறுத்தம் வரை தூக்கிக்கொண்டு போய், கண்டக்டரிடம், "பாத்து எறக்கி விடுங்க தம்பி" என்று சொல்லி ஏற்றிவிட்டாள். "என்னக்கா, கல்யாணத்துக்குக் கச்சேரியா?" என்றார் கண்டக்டர்.

சாயங்காலம் ரஞ்சனி வெறும் கையோடு வந்தாள்.

"பெட்டி எங்க?"

"ஷிஃபா வீட்ல குடுத்துட்டேன்."

"எப்ப எடுத்துட்டு வருவ?"

"எதுக்கு எடுத்துட்டு வரணும்? பாடுனவளுக்குத்தானே அப்பா அனுப்புனாரு." அவள் புத்தகப் பையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். "டீச்சர் ஒண்ணும் கேக்கல. நான் பொய் சொன்னேன்."

அருணா அடுத்த பஸ்ஸிலேயே அறந்தாங்கிக்குப் போனாள். ராபியாவின் வீடு மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்தது. ராபியா கோட்டைப்பட்டினத்துப் பெண்; வாய் கொஞ்சம் ஜாஸ்தி. அவள் கணவன் சிராஜும் வெளிநாட்டில்தான், சவூதியில். கீபோர்டுப் பெட்டி கூடத்தில் சுவரோரமாக நின்றது. ஷிஃபா அதற்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள், தொடவில்லை.

"வாங்கக்கா. நானே ஒங்களுக்குப் போன் பண்ணணும்னு இருந்தேன்" என்றாள் ராபியா. "ஒங்க புள்ள வந்து, 'இது ஷிஃபாவுக்கு எங்கப்பா குடுத்தது'ன்னு வச்சுட்டுப் போயிருச்சு. உதயசூரியன் அண்ணன் எதுக்குக்கா எம் மகளுக்கு இம்புட்டுப் பெருசாக் குடுக்குறாக? நான் பயந்துட்டேன்."

அருணா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஷிஃபாவை வைத்துக்கொண்டுதான் சொன்னாள். உள்ளே போகச் சொல்லலாமா என்று நினைத்துவிட்டு, இனிமேல் அந்தப் பிள்ளைக்குத் தெரியாமல் எதுவும் வேண்டாம் என்று அவளையும் இருக்கவிட்டாள்.

ராபியா பெட்டியையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "எம் மக பாட்ட அவளப் பெத்த அத்தாவுக்கே நான் இன்னும் அனுப்பலக்கா" என்றாள். "படிப்ப விட்டுட்டுப் பாட்டான்னு கேப்பாகன்னு பயந்துக்கிட்டு. நீங்க என்னடான்னா கத்தார் பூராவும் போட்டுக் காட்டிட்டீங்க." சிரிக்கப் பார்த்தாள், முழுதாக வரவில்லை. "ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருக்கணும்."

"நான் அத விடுறேன். ஆனா ஒங்க புள்ள பெட்டிய வச்சப்ப மொகத்தப் பாத்தேன். என்னமோ பிச்ச போடுற மாதிரியும் இல்ல, சந்தோசமாக் குடுக்குற மாதிரியும் இல்ல. கடன அடைக்கிற மாதிரி வச்சுச்சு."

அருணா பெட்டியைத் தூக்கக் குனிந்தாள். ராபியா தடுத்தாள்.

"இருக்கட்டும். இப்ப நீங்க தூக்கிட்டுப் போனா ஒங்க புள்ள மறுபடியும் கொண்டாந்து வைக்கும். அண்ணன்கிட்ட உள்ளதச் சொல்லுங்க. அவரு எங்க வைக்கச் சொல்றாரோ அங்க இருக்கட்டும். அதுவரைக்கும் எம் புள்ள தொடாது."

ஷிஃபா மெதுவாகக் கேட்டாள்: "ரஞ்சனி எங்கிட்டப் பேச மாட்டேங்குது. எம்மேல கோவமா?"

"இல்லத்தா. ஒம்மேல ஒண்ணுமில்ல" என்றாள் அருணா.

வெள்ளிக்கிழமை மத்தியானம் உதயசூரியன் வீடியோவில் வந்தான். குளித்து, தலை சீவி, நல்ல சட்டை போட்டிருந்தான். "எங்க என் கச்சேரிக்காரி? பொட்டி எப்புடி இருக்கு?"

அருணா ரஞ்சனியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டாள். மகள் இல்லாத நேரத்தில் சொன்னால், அதிலும் ஏதாவது ஒரு சுவரைக் காட்டாமல் விட்டுவிடுவோம் என்று பயமாக இருந்தது.

"என்னங்க, ஒண்ணு சொல்லணும். ரூம்ல ஆள் இருந்தா வெளிய வந்துருங்க."

அவன் முகம் மாறியது. "என்னாச்சு? யாருக்கு என்ன?" எழுந்து வெளியே வந்தான். பின்னால் வெயிலும் தகரக் கொட்டகையும் தெரிந்தன. யாரோ செத்துப்போனதைக் கேட்கத் தயாராகிற முகம் அது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்வது அவளுக்கு இன்னும் கேவலமாக இருந்தது.

சொன்னாள். முதல் பாட்டு தவறிப்போய் என்று ஆரம்பித்தாள். "மத்ததெல்லாம் நான் தெரிஞ்சே அனுப்புனதுங்க" என்று முடித்தாள்.

அவன் முகம் திரையில் அப்படியே நின்றது. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தாள். பின்னால் ஒரு ஆள் நடந்து போனது தெரிந்தது, அறுந்திருக்கவில்லை.

"கண்ணு பட்டுரும்னு சொன்னியே" என்றான் கடைசியில்.

"ஆமா."

"அதுவும் பொய்யா?"

"ஆமாங்க."

"நான் கெட்டதக் கேட்டா செத்தா போயிருவேன்? எம் பக்கத்துல படுத்திருந்தவன் செத்ததையே பாத்துட்டு மறுநாள் வேலைக்குப் போனவன்டி நான்." அவன் குரலை உயர்த்தவில்லை. "மொதல்ல, இது கெட்டதா? எம்புள்ளைக்கு இன்னும் பாட வரலங்கறது ஒரு கெட்ட சேதியா? அத நீ ஏன் எங்கிட்ட மறச்ச?"

கெட்ட சேதிகளோடு சேர்த்துத்தான் அருணா அதை வைத்திருந்தாள். செத்த மாடு, உப்புப் பூத்த சுவர், ரஞ்சனியின் குரல். அவன் சொன்ன பிறகுதான் அந்த வரிசை அவள் கண்ணுக்கே தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பொட்டி அந்தப் புள்ளகிட்டயே இருக்கட்டும்" என்றான் உதயசூரியன். "பாடுனது அது. சிராஜ் மச்சான்கிட்ட நான் பேசிக்கிறேன். எம்புள்ளைக்கு என்ன வேணும்னு இனிமே அதுகிட்டயே கேட்டுக்கிறேன். போன அதுகிட்டக் குடு. நீ அங்கிட்டுப் போ."

அவன் அவளை அப்படிச் சொன்னதே இல்லை. அருணா போனைக் கொடுத்தாள். ரஞ்சனி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு பின்பக்கம் போனாள், கதவைச் சாத்தினாள். கொஞ்சம் இடைவெளி தெரிந்ததைப் பார்த்து, திரும்பி வந்து நன்றாக இழுத்துச் சாத்தினாள்.

அருணா அடுப்படியில் நின்றாள். உலையில் அரிசி கொதித்தது. பின்பக்கத்திலிருந்து முதலில் பேச்சுச் சத்தம், பிறகு ஒன்றுமே இல்லை. பிறகு கரகரவென்று ஏதோ தொடங்கி, பாதியில் நின்றது. மறுபடி தொடங்கியது. பாட்டா, இருமலா, அழுகையா என்று கதவுக்கு இந்தப் பக்கம் நின்று சொல்ல முடியவில்லை. நாலு எட்டு வைத்து, தாழ்ப்பாள் பக்கம் காதை வைத்தால் தெரிந்துவிடும். அவள் கரண்டியைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நின்றாள்.

சோறு வடித்துக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் ரஞ்சனி வந்தாள். போனை ஜன்னல் திட்டில் வைத்தாள்.

"சார்ஜ் போடணும்" என்றாள்.

"என்ன சொன்னாரு அப்பா?"

ரஞ்சனி தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "அது எங்க ரெண்டு பேருக்குள்ள" என்றாள்.

அருணா சோற்றைப் போட்டாள். குழம்பு ஊற்றினாள். போனை எடுத்து, திறந்து பார்க்காமல், சார்ஜில் போட்டாள்.